கம்பெனி சோப்பில் துவைத்தது

பிப்ரவரி 3, திங்கள்

இதைக் கண்டெடுத்தவர் யாராக இருந்தாலும் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், அடுத்த வரிக்குப் போகாமல் மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அலமாரியின் கீழ் இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்தால் பின்னால் ஒரு சந்து இருக்கும். அங்கேதான். படித்தே தீருவேன் என்றால் படியுங்கள், ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். அம்மா, எடுத்தது நீயாக இருந்தால் அப்பாவிடம் சொல்லாதே. அப்பாவாக இருந்தால்... அப்பா, வெளியே யாரிடமும் பேச முடியாததால்தான் எழுதுகிறேன்.

கம்பெனியில் ஒரு புட்டி மாவு குறைகிறதாம்.

மாவு என்று அவர்கள் சொல்வது ஆந்த்ரசீன். என் வேதியியல் புத்தகத்தில் இருக்கிறது. ஒட்டிக்கொண்ட மூன்று அறுகோணங்கள், தேனடையில் அடுத்தடுத்த மூன்று அறைகள் மாதிரி. அதோடு இன்னும் எதையோ கோத்து ஒரு தூள் செய்கிறார்கள். பகலில் பார்த்தால் வெளிறிய மஞ்சள், பல்பொடிகூட அதைவிட அழகு. ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக எரியும். ஃபோன் திரையில் நீலம் தெரிகிற இடத்துக்கு அதுதான் போகிறதாம்.

அப்பாவுக்குக் குழாய் அறையில் வேலை. ஆள் நீளக் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் மாவைப் போட்டு, காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடு காட்டுவார்கள். மாவு ஆவியாகி நகர்ந்து குளிர்ந்த பக்கம் போய்ப் படியும். "அழுக்கு நகராம அங்கயே உக்காந்துக்கும். நல்லது மட்டும் ஓடிப் போய்த் தனியா ஒட்டிக்கும்" என்பார். ஒட்டியதைச் சுரண்டிப் புட்டியில் அடைப்பது அவரும் எதிர்வீட்டு மாமாவும்.

வேலை முடிந்து வெளியே வரும் வழியில் ஓர் இருட்டு அறை. அங்கே விளக்குக்காரர் உட்கார்ந்திருப்பார். கை, காலர், செருப்பின் அடி, டிபன் டப்பா எல்லாவற்றையும் ஊதா விளக்கடியில் காட்ட வேண்டும். எங்காவது நீலம் மின்னினால் திரும்பிப் போய் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு வர வேண்டும். வெறும் தண்ணீருக்கு அது போகாது, பரவும். மாமா தினமும் அவரிடம், "என்ன துரை, இன்னிக்கு என் உடம்புல பௌர்ணமியா, அமாவாசையா?" என்று கேட்பாராம். விளக்குக்காரர் சிரித்ததே இல்லையாம்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். போன வருடம் நான் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். அப்போது அப்பா இருமல் மருந்துப் புட்டியில் ஒரு சிட்டிகை மாவு கொண்டுவந்தார். பழுப்புக் கண்ணாடிக்குள் விளக்கு நுழையாது. பசையில் குழைத்து, என் கட்டிலுக்கு மேலே கூரையில் நட்சத்திரங்கள் வரைந்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது எதிர்வீட்டு மாமா. "மச்சான், அந்த மூலையில ஒண்ணு வைங்க, கலெக்டரம்மா தலைமாட்டுக்கு நேரா." மாமா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ரூபாய் நோட்டைச் சோதிக்க விற்பார்களே, அந்தச் சின்ன ஊதா டார்ச் ஒன்றும் வாங்கித் தந்தார்கள். விளக்கை அணைத்து டார்ச்சைக் காட்டினால் கூரை போய் வானம் வந்துவிடும்.

அது குழாயின் கடைசி முனையில் ஒட்டுகிற தூள், குப்பைக்குப் போவது. ஆனால் குப்பையை வெளியே கொண்டுவந்தாலும் திருட்டுதான்.

இன்று அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "வீடு வீடா விளக்கோட வரப்போறதா பேசிக்கிறாங்க." பிறகு மேலே பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

யாரும் வரவில்லை. மேலே பார்க்காமல் தூங்கப் பழகுகிறேன். பகலில் அங்கே ஒன்றுமே தெரியாது, வெறும் கூரை. இருந்தும் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மாமாவைப் பிடித்துவிட்டார்கள்.

அப்பா இருட்டிய பிறகுதான் வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார். "சட்டை பூரா. கழுத்துலேர்ந்து கீழ் மடிப்பு வரைக்கும். டியூப்லைட்டு மாதிரி எரியுது."

விளக்கடியில் நின்றபோது மாமா வழக்கம்போல, "பாரு துரை, இன்னிக்குப் பௌர்ணமிதான்" என்றாராம். அவரே சிரித்தாராம். பிறகு தன் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாராம். சூப்பர்வைசர் வந்து சட்டையை அங்கேயே கழற்ற வைத்தார். மாவைக் கரைத்து அதில் சட்டையை நனைத்துக் காயவைத்திருக்கிறான், வீட்டுக்குப் போய் அலசி எடுத்துக்கொள்வான், காணாமல் போன புட்டி இப்படித்தான் போயிருக்கும் என்று சொன்னாராம். போலீஸ் வந்தது. பனியனோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் வரிசையில அவனுக்குப் பின்னாடி நின்னேன்."

அது பதிலா? அம்மா தட்டை எடுக்கப் போனாள், தட்டு கையில் நிற்கவில்லை. அது தரையில் சுழன்று சுழன்று அடங்கும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமாவா? ஒரு பென்சிலைக் கடன் வாங்கினால்கூடச் சீவித் திருப்பித் தருகிற மனிதர்.

பிப்ரவரி 6, வியாழன்

மாமாவின் மனைவி, எதிர்வீட்டு அத்தை, ஊரிலிருந்து வந்துவிட்டாள். அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்கப் போயிருந்தாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க பக்கத்துலதானே நிக்கிறீங்க தினமும். நீங்க சொல்லுங்க. அவரு எடுப்பாரா?"

"எனக்கு என்னம்மா தெரியும். நான் என் குழாயைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எடுப்பாரான்னுதான் கேட்டேன். எடுத்தாரான்னு கேக்கல."

அப்பா கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தை கொஞ்ச நேரம் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள் அப்பா. நம் கனம் மடியில் இல்லை, கூரையில் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

எழுத்து கோணல் மாணலாக வரும்.

வெளியிலிருந்து விளக்கைக் காட்டினால் ஜன்னல் வழியாகக் கூரை தெரியுமா என்று பார்க்க டார்ச்சை எடுத்தேன். திரையை இழுத்துவிட்டுப் போட்டேன். மேலே நட்சத்திரங்கள். கதவுப் பக்கம் திரும்பினால் அங்கே ஓர் ஆள் நிற்கிறான். நீலமாக, தலை இல்லாமல். வாயைப் பொத்திக்கொண்டேன். என் பள்ளிக்கூடச் சட்டை. கொக்கியில் மாட்டியிருந்த என் யூனிபார்ம்.

மாவு உதிர்ந்து ஒட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நட்சத்திரம் புள்ளி புள்ளியாக எரிகிறது. சட்டை அப்படி இல்லை. நூல் நூலாக, ஓர் இடம் விடாமல், பால் ஊற்றியது போல. டார்ச் நழுவி இந்த நோட்டின் மேல் விழுந்தது. நோட்டும் எரிந்தது! இந்தப் பக்கம், என் எழுத்து மட்டும் கறுப்பாக. நோட்டில் யார் மாவு போட்டார்கள்?

அப்படியென்றால் நீலமாக எரிவதெல்லாம் மாவு இல்லை.

சட்டையை முகர்ந்தேன். பூ வாசனை. வழக்கமாக அப்பா சட்டையோடு சேர்த்து என்னுடையதற்கும் போடுகிற கம்பெனி சோப்புக்கு வாசனையே கிடையாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கம்பெனியில் மாதம் ஒரு கட்டி மஞ்சள் சோப்பு தருவார்கள். வேலைச் சட்டையை அதில்தான் துவைக்க வேண்டும், வேறெதிலும் கூடாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கஞ்சத்தனம் என்று சிலர், சோப்பு வியாபாரத்தில் முதலாளிக்குப் பங்கு என்று சிலர். அப்பாவின் சட்டையை அம்மா என்றைக்கும் அதில்தான் துவைப்பாள். அத்தை ஊரில் இல்லாததால் போன வாரம் மாமா தன் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "அக்கா, என் சோப்பு கரைஞ்சு போச்சு, உங்க வாளியிலயே ஒரு முக்கு முக்கிடுங்க." எங்கள் சோப்பும் சில்லாகத்தான் இருந்திருக்கிறது, அப்பா சட்டைக்கே போதவில்லை. கடைக்காரர் புதுப் பவுடர் பாக்கெட் ஒன்றை விளம்பரத்துக்கு இலவசமாகத் தந்திருந்தார். என் யூனிபார்மும் மாமாவின் சட்டையும் ஒரே வாளியில்.

"ஒரு தடவைதானேன்னு போட்டேன்டி. வெள்ளை வெளேர்னு வந்துச்சு. தம்பி பாத்துட்டு, அக்கா, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டீங்களேன்னு சொல்லிட்டுப் போச்சு." கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு ராத்திரி அப்பா சொன்னப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. இருக்காது இருக்காதுன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன்."

"சொல்லிடலாம்மா. பவுடரால எரியுதுன்னு காட்டினா போதும்."

"எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பான். டார்ச்சுல பாத்தேன்னு சொல்லுவியா? உங்க வீட்ல ஊதா டார்ச்சு எதுக்குடின்னு கேப்பான். அப்புறம் வெளக்கைத் தூக்கிக்கிட்டு இங்க வருவான். மேல பாப்பான். புட்டியும் நாமதான்னு ஆயிடும். வாயை மூடிக்கிட்டு இரு."

"மாமாவுக்கு மேல இருக்கிறது தெரியும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். அதை அவள் மறந்திருக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

அப்பா ஷிப்டுக்குப் போனதும் அம்மா கட்டிலின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். சுண்ணாம்பு அடித்து மறைக்கலாம் என்றேன். "இந்த வரிசையில ஒரு வீட்டுக்கு மட்டும் புதுசா வெள்ளை அடிச்சிருந்தா எவனுக்கும் சந்தேகம் வராதா?" அதுவும் சரி. கத்தியால் சுரண்டினாள். நான் கீழே சேலையை விரித்துப் பிடித்தேன். தூள் சேலையில் பாதி, என் தலையிலும் முகத்திலும் பாதி. பிறகு ஈரத் துணியால் துடைத்தாள்.

டார்ச்சைப் போட்டுப் பார்த்தோம். நட்சத்திரங்கள் இல்லை. கூரை முழுக்க மங்கலாக நீலம், துணி போன வழியெல்லாம். தண்ணீருக்குப் பரவும் என்று அப்பா சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்மா ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மாவின் நகக்கண்களும் எரிந்தன.

மூலையில் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே அவள் கை எட்டவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மைதானத்தில் வரிசையில் நிற்க வைத்தார்கள். நல்ல வெயில். முகம் குறுகுறுத்தது, பிறகு எரிந்தது, பிறகு யாரோ கரண்டியைக் காய்ச்சி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கன்னமும் நெற்றியும் சிவந்து தடித்துவிட்டன. "என்னடி, அடுப்புக்குள்ள தலையை விட்டியா?" என்று பின்னால் ஒருத்தி. "இல்லடி, லவ் லெட்டர் வந்திருக்கு, வெக்கம்" என்று இன்னொருத்தி.

எனக்குத் தெரியும் இது என்ன என்று. மாவு ஒட்டிய தோலில் வெயில் பட்டால் சுடும். அப்பா எவ்வளவு புழுக்கமானாலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். குழாய் அறை ஆட்கள் எல்லோருக்கும் முன்கையில் இந்தத் தடிப்பு இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்க வேண்டும். நான் சோப்புதான் போட்டேன்.

விளையாட்டு டீச்சர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கப்பா எங்க வேலை பாக்கறார்?"

"தையல் கடையில" என்றேன். ஏன் தையல்? தெரியவில்லை. வாய் அதுவாகச் சொன்னது.

நாளையிலிருந்து துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாமா ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இடது கையால்.

வலது கைக்கு என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள். அப்பா தன் வலது கையை எடுத்து இரண்டு விரல்களை மடக்கிக் காட்டினார். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

யாரெல்லாம் கூட்டு, மாவு எங்கே என்று கேட்டார்களாம். "நான் மட்டும்தான். பயந்துபோய்ச் சாக்கடையில கொட்டிட்டேன்" என்று சொன்னாராம். இல்லாத புட்டியை இல்லாத சாக்கடையில்.

எதிர்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த விரல்கள் ஒடியாமல் இருந்திருக்கும்.

அப்பா சாப்பிடவில்லை. அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். எனக்கு ஏன் பசித்தது?

பிப்ரவரி 15, சனி

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். முன்பு தேர்வுக்காக அர்த்தம் மட்டும் மனப்பாடம் செய்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பவுடர் பாக்கெட்டில் மிச்சம் இருந்ததைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீடு, தெருவைத் தாண்டினால் போதும்.

அத்தை தரையில் உட்கார்ந்து மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: வாளி, பவுடர், என் யூனிபார்ம். டார்ச்சையும் காட்டினேன். அத்தை மெதுவாகக் கேட்டாள், "இதை உங்கம்மா எப்ப கண்டுபிடிச்சாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "முதல் நாளே சந்தேகம் வந்துச்சாம்" என்றேன்.

"ம்." மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "வீட்டுக்குள்ள எதுக்கு மூஞ்சியை மூடிக்கிட்டிருக்கே? எடு."

"சளி அத்தை."

அவளே கையை நீட்டித் துணியை இறக்கினாள். என் கன்னத்தை விரலால் தொட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து மாமாவின் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாவு சுட்டிருக்கு."

நான் துணியை மறுபடி மேலே இழுத்தேன்.

"உங்க வீட்ல இருக்கு." கேள்வி இல்லை. "அவருக்கும் தெரியும். அதான் தனியா செஞ்சேன்னு சொல்லியிருக்காரு." எழுந்துவிட்டாள். அவ்வளவு உயரம் என்று எனக்கு இதுவரை தெரியாது. "போ. அந்தப் பாக்கெட்டை வெச்சிட்டுப் போ. டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போயிடு, அது இங்க வேணாம்."

வாசல் வரை வந்தபோது உள்ளிருந்து அவள் குரல், "அங்க அவரோட விரலை மடக்கி ஒடிச்சிக்கிட்டிருந்தான். நீங்க இங்க படுத்துக்கிட்டு நட்சத்திரம் பாத்தீங்களாடி?"

நட்சத்திரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாமா சொல்லியிருப்பார். ஸ்டூல் பிடித்த அன்று வீட்டுக்குப் போய்ச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஷிப்டு மாறுகிற நேரத்துக்கு அத்தை ஒரு வாளி தண்ணீரோடு கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் வெளியே வந்ததும், விளக்குக்காரரைப் பார்த்து, "துரை, உங்க கைக்குட்டையைக் குடுங்க" என்றாளாம். அவர் என்னவோ ஏதோ என்று கொடுத்துவிட்டார். முதலில் அதை இருட்டு அறை வாசலில், எல்லோரும் பார்க்க, விளக்கில் காட்டச் சொன்னாள். ஒன்றும் இல்லை. பழங்காலத்துக் கைக்குட்டை, அதுவும் அவர் கம்பெனி சோப்பில் துவைத்தது. பிறகு வாளியில் பவுடரைப் போட்டு அலசி, பிழிந்து, உதறி, "இப்பக் காட்டுங்க."

டியூப்லைட்.

கூட்டத்தில் யாரோ, "துரை, உன்னையும் உள்ளே தூக்கிப் போடணும் போலிருக்கே!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்களாம். விளக்குக்காரர் மட்டும் அந்தக் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மேலேயிருந்து இஞ்சினியர் ஒருவர் இறங்கி வந்து பார்த்தார். ஆச்சரியமே படவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார். அவருக்கு முதலிலேயே தெரியும் என்று அப்பா நினைக்கிறார். விளக்கில் எரியாத அந்தச் சோப்பைத் தருவதே அதனால்தானே.

"அப்ப மாமாவை விட்டுடுவாங்களா?"

"சட்டை சரி, விட்டுடறோம். கையெழுத்துப் போட்டிருக்கானே, அதுக்கு என்ன சொல்றே? புட்டிக்கு யார் பதில் சொல்றதுன்னு கேட்டாரு சூப்பர்வைசர்."

"அத்தை என்ன சொன்னா?"

"கூட்டத்துல நின்ன என்னையே பாத்துக்கிட்டிருந்தா."

பிப்ரவரி 19, புதன்

அத்தை வந்தாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்காரவில்லை.

"அண்ணே, நான் சண்டைக்கு வரல. அவரு சொல்லல. நானும் சொல்லல, நேத்து அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கலாம். நாங்க சொல்லி நீங்க போனா, நாளைக்கு இந்தத் தெருவுல நாங்க எப்படி உங்க மூஞ்சில முழிக்கிறது? அதனால நீங்களே சொல்லுங்க."

"நான் எடுத்தது ஒரு சிட்டிகைம்மா. அதுவும் குப்பை. புட்டி எங்க போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அவருக்கும்தான் தெரியாது."

அம்மா, "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்று ஆரம்பித்தாள். அத்தை என்னைப் பார்த்தாள். "இருக்கா. உங்க வீட்லயே எங்கிட்ட வந்தது அவ ஒருத்திதான்."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அப்பா இன்று குழாய் ஒன்றை உடைத்துவிட்டாராம். நான் பிறந்ததிலிருந்து அவர் ஒன்றைக்கூட உடைத்ததில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

சாயங்காலம் ஒரு வண்டி வந்து நின்றது. மாமா இறங்கினார். இறங்குவதற்கு அத்தை கை கொடுத்தாள். மனிதர் பாதியாகிவிட்டார். வலது கையில் கட்டு. உள்ளே போவதற்கு முன் திரும்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். அவருக்குத் தெரிந்திருக்கும். இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். அது என்னைக் கூப்பிட்டதா, போ என்றதா?

அப்பா வந்ததும் அம்மா ஓடினாள். "விட்டுட்டாங்க! தம்பி வந்துடுச்சு!"

"தெரியும்." செருப்பைக் கழற்றி வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காக ஓரமாக வைத்தார். "நான் மத்தியானம் சொல்லிட்டேன்."

"சிட்டிகைன்னு சொன்னீங்கல்ல? குப்பைன்னு?"

"சொன்னேன். புட்டியையும் சேத்து எழுதுன்னாங்க. எழுதிட்டேன்."

"நீங்க எடுக்கலியே!" அம்மாவின் குரல் எங்கேயோ போய்விட்டது. "எடுக்காததை ஏங்க எழுதினீங்க?"

"யாராவது ஒருத்தன் வேணும் அவங்களுக்கு. ஆள் இல்லாம அவனை விடமாட்டாங்க. நான் அவனுக்குப் பின்னாடிதான் வரிசையில நின்னேன். என் முறை வந்திருக்கு, அவ்வளவுதான்."

வீட்டைப் பார்க்க ராத்திரி விளக்கோடு வருகிறார்களாம். எங்கேயும் போகாமல் இரு என்றார்களாம். எங்கே போவது?

சாப்பிட்டோம். மூன்று பேரும். அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என் அறைக்கு வந்து, "தள்ளிப் படு" என்று கட்டிலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். சின்ன வயதுக்குப் பிறகு இன்றுதான். "டார்ச்சைப் போடு."

போட்டேன். கூரை முழுக்க மங்கலான நீலம், துடைத்த தடம். மூலையில் அந்த ஒன்று மட்டும் கூர்மையாக எரிந்தது.

"அது யாரு வெக்கச் சொன்னது?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே.

"மாமா."

"ம். கலெக்டரம்மா தலைமாட்டுக்கு." ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மாவு. குப்பைன்னு தூக்கிப் போடறான் பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணிலிருந்து காதுக்குள் இறங்கியது.

அப்பா எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்தே இருக்கிறது, இன்றைக்கு மறைத்து எழுத எதுவுமில்லை. அம்மா மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுக்கிறாள். முழுக்கை. கம்பெனி சோப்பில் துவைத்தது. எந்த விளக்கில் காட்டினாலும் அதில் ஒன்றும் தெரியாது. அவர் கைகளை நீட்டுகிறார், அவளே மாட்டிவிடுகிறாள். தெருவில் பூட்ஸ் சத்தம். எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது, மாமா வெளியே வந்து நிற்கிறார் போல. அம்மாவுக்கு மேல் பொத்தான் மாட்ட வரவில்லை, விரல் வழுக்குகிறது, இருங்க இருங்க என்கிறாள், நான் போய் மாட்டிவி

கதவைத் தட்டுகிறார்கள்